அரக்குச் சேலையும் சப்பாத்திக் கள்ளியும்

மணநாள் குறித்தவுடன் பட்டெடுக்கக் காஞ்சிக்குப் புறப்படுவது நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். மாமியும் நாத்தனாரும் பெண்ணைப் பெற்றவளும் ஒன்றுகூடிச் சின்னக் காஞ்சிபுரத்தின் தெருக்களில் நுழைவார்கள். வரதராசப் பெருமாள் கோயிலின் மதிலைச் சூழ்ந்த அத்தெருக்களில் வீட்டுக்குள்ளிருந்து தறியின் ஒலி வந்துகொண்டிருக்கும். நெசவாளர் சேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரிப்பார். மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என எத்தனை நிறங்களைக் காட்டினாலும், முடிவில் ஒரு மூத்த பெண்மணி, "அரக்கில் ஒன்று எடுங்கள்" என்பார்.

அரக்கு என்றால் என்ன? ஆழ்ந்த சிவப்பு நிறம் என்று விடை சொல்லிவிடுவோம். ஆனால் அச்சொல் முதலில் நிறத்தின் பெயர் அன்று. ஒரு பூச்சி தந்த பொருளின் பெயர். மரக்கிளைகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி தன்னைச் சுற்றிப் பிசினைச் சுரந்து கூடாக்கிக்கொள்கிறது. அப்பிசினிலிருந்து முத்திரை மெழுகும், கூடவே பட்டுக்கு ஏற்ற சிவப்புச் சாயமும் கிடைத்தன. இன்று காஞ்சியில் தோய்க்கப்படும் சாயங்கள் பெரும்பாலும் ஆலைகளில் வேதியியல் முறையில் ஆனவையே. எனினும் பெயர் மட்டும் பழைய பூச்சியை மறக்காமல் நிற்கிறது.

இந்தச் சிவப்பின் பின்னால், தமிழகத்தின் வேளாண் வரலாற்றில் பலரும் அறியாத அத்தியாயம் ஒன்று மறைந்து கிடக்கிறது. சாயத்தைத் தேடிப் போனவர்கள் ஒரு களைக்கு மருந்து கண்ட கதை அது. அவர்கள் தேடியது கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்தது. அதனை ஈண்டுச் சிறிது விரிவாகக் காண்போம்.

ஒரு சொல்லின் பயணம்

உலகில் சிவப்புச் சாயம் தரும் பூச்சிகள் பல உண்டு. அவை அனைத்தும் செதிற்பூச்சிகள் என்னும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் நாட்டு அரக்குப் பூச்சி அவற்றுள் ஒன்று. மத்தியதரைக் கடல் நாடுகளின் கருவாலி மரங்களில் வாழும் பூச்சி மற்றொன்று. ஆர்மீனிய நாட்டுப் புல்வேர்களில் வாழ்வது இன்னொன்று. வரலாற்றாசிரியர் அல் பலாதுரீ ஆர்மீனியாவின் அர்தஷாத் நகரைக் குறிப்பிடும்போது, அதனைக் 'கிர்மிஸின் ஊர்' என்று சுட்டுகிறார். அந்த அளவுக்கு அவ்வூரின் சிவப்புச் சாயம் பெயர் பெற்றிருந்தது.

கிர்மிஸ் என்பது அரபுகள் அச்சாயப் பூச்சிக்கு இட்ட பெயர். பாரசீகத்தில் 'கிர்ம்' என்றால் புழு. வடமொழியில் 'க்ருமி'. நாம் நோய்க்குக் காரணமென்று அஞ்சும் 'கிருமி' என்னும் சொல்லும் அவ்வழி வந்ததே. அரபுகளின் வணிகத்தோடு மேற்கே சென்ற கிர்மிஸ் என்னும் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'கிரிம்சன்', 'கார்மைன்' முதலிய நிறப்பெயர்கள் பிறந்தன. ஐரோப்பிய மன்னர்களின் அங்கிகளுக்கு நிறம் தந்த சொல், நம் மருத்துவமனைச் சுவர்களில் எழுதப்படும் கிருமி என்ற சொல்லின் உடன்பிறப்பு என்பதை எண்ணினால் வியப்பாக இல்லையா?

பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிகோவை வென்ற ஸ்பானியர், அங்குள்ள மக்கள் சப்பாத்திக் கள்ளியில் ஒரு பூச்சியை வளர்த்துச் சாயம் எடுப்பதைக் கண்டனர். கொச்சினீல் எனப்பட்ட அது பழைய கிர்மிஸைவிடப் பன்மடங்கு செறிவுள்ளது. காய்ந்த பூச்சிகள் சுமார் 70,000 சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை தேறும். ஆயினும் அதன் விலைக்கு அவ்வுழைப்புத் தகும். ஸ்பானியர் அதன் மருமத்தை இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கட்டிக் காத்தனர். அது விதையா பூச்சியா என்று ஐரோப்பியர் நெடுங்காலம் வாதிட்டுக்கொண்டிருந்தனர். 1777-இல் தியரி தெ மெனோன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவின் ஒஹாகாவுக்கு மறைவாகச் சென்று, கள்ளிமடல்களோடு பூச்சிகளையும் கடத்தி வந்தார். அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அந்த ஆசை பிறந்தது. ஆங்கிலப் படை அதிகாரிகளின் சிவப்பு அங்கிகளுக்கு வேண்டிய சாயத்தை ஸ்பெயினிடம் விலைகொடுத்து வாங்குவானேன்? தன் ஆட்சியிலுள்ள இந்திய மண்ணிலேயே விளைவித்தால் என்ன?

சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம்

அக்காலத்தில் காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த நாடு செங்கற்பட்டு ஜாகீர் எனப்பட்டது. 1763-இல் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா அதனைக் கம்பெனிக்கு அளித்திருந்தார். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் ஹைதர் அலீயும் அவர்தம் மைந்தர் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். அந்தச் சிவப்பு அங்கிகள் புழுதியில் விழுந்த காட்சியைத் திப்பு பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டச் செய்தார். போர் ஓய்ந்த சில ஆண்டுகளில், அதே வட்டாரத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், ஒரு மருத்துவர் அந்த அங்கிகளுக்கான சாயத்தைத் தேடத் தொடங்கினார்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஆண்டர்சன். ஸ்காட்லாந்தில் பிறந்து சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக உயர்ந்தவர். 1786-இல் சென்னைக்கு அருகே புல்லொன்றின் மீது ஒரு செதிற்பூச்சியைக் கண்டு, அது கொச்சினீலுக்கு உறவாகலாம் என்று இலண்டனிலிருந்த அறிஞர் ஜோசப் பேங்க்ஸுக்கு மடல்கள் எழுதினார். அப்பூச்சியால் பயன் விளையவில்லை. ஆனால் அம்மடல்களின் விளைவாகச் சைதாப்பேட்டை அருகே கள்ளி வளர்க்கும் தோட்டம் ஒன்றை அமைக்கக் கம்பெனி இசைந்தது. இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து உயர்வகைக் கள்ளிகள் தருவிக்கப்பட்டன. ஆண்டர்சனின் உறவினரான ஆண்ட்ரூ பெர்ரி அத்தோட்டத்தைப் பராமரித்தார். விருந்துக்கு இலை போட்டாயிற்று, விருந்தினரைத்தான் காணோம்!

ஆண்டர்சன் ஓய்ந்திருக்கவில்லை. முசுக்கொட்டைச் செடியையும் பட்டுப்புழுவையும் சென்னை மாகாணத்தில் பரப்பவும் அவர் பெரிதும் முயன்றார். ஏறத்தாழ அதே காலத்தில் மைசூரில் திப்பு சுல்தானும் வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்களைத் தருவித்து வளர்க்கச் செய்தார். போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற இரு அரசுகள், பட்டு வளர்ப்பில் ஒரே வழியை நாடின. ஆண்டர்சனின் பட்டு முயற்சி நிலைக்கவில்லை. மைசூரின் முயற்சியோ வேரூன்றியது. இன்று காஞ்சித் தறிகளுக்குப் பட்டுநூலின் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்தே வருகிறது.

வந்தது வேறு பூச்சி

1795-இல் நீல்சன் என்னும் கப்டன், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் கள்ளியோடு சாயப்பூச்சிகளையும் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். நெடும்பயணத்தில் உயிர் பிழைத்தவை மிகச் சிலவே. அங்குத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த ராக்ஸ்பரோ அவற்றுக்குப் பலவகைக் கள்ளிகளை உணவாக வைத்தார். பூச்சிகளோ, இந்தியாவில் முன்பே குடியேறி வேலியோரங்களில் வளர்ந்திருந்த உயரமான சப்பாத்தி வகையை விரும்பி ஏற்றன. அங்கிருந்து சென்னைக்கும் அவை அனுப்பப்பட்டன. கம்பெனியார் மகிழ்ந்தனர். சாயம் எடுத்து இலண்டனுக்கும் அனுப்பினர். அங்கே அது தரத்தில் தாழ்ந்தது என்று தள்ளப்பட்டது.

காரணம் எளிது. மெக்சிகோ மக்கள் பல தலைமுறைகளாகப் பேணி வளர்த்த கொச்சினீல் ஓர் இனம். ரியோவிலிருந்து வந்தது அதன் காட்டு உறவான மற்றோர் இனம். அக்காலத்தார் இரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாந்தனர். வந்த பூச்சிக்குச் சரியான அறிவியல் பெயர் கிடைக்கவே 1896 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு இலங்கையில் எர்னஸ்ட் கிரீன் என்பவர் அதனை விவரித்துச் 'சிலோனிகஸ்' என்று பெயரிட்டார். தென்னமெரிக்காவில் பிறந்த பூச்சிக்கு இலங்கையின் பெயர்! பின்னாளில் 1856 முதல் செயற்கைச் சாயங்கள் தோன்றத் தொடங்கி, கொச்சினீல் வாணிபமே சரிந்தது. கம்பெனியின் கனவும் அதன் கணக்கேடுகளில் உறங்கிப்போயிற்று.

ஆனால் பூச்சி உறங்கவில்லை. அது சாயத்துக்கு உதவாவிட்டாலும் கள்ளிக்கு எமனாயிற்று. அதன் பெண் பூச்சிக்கு இறகு இல்லை. மடலில் ஒருமுறை வாய்க்குழலைச் செருகிவிட்டால் அங்கேயே இருந்து சாற்றை உறிஞ்சும். பஞ்சு போன்ற வெண்மெழுகால் தன்னைப் போர்த்திக்கொள்ளும். அதன் குஞ்சுகளைக் காற்று அடுத்த செடிக்குக் கொண்டு சேர்க்கும். சாறு இழந்த மடல் வாடும், அழுகும், ஈற்றில் முழுச்செடியும் சரியும். வட இந்தியாவில் உயரச் சப்பாத்திப் புதர்கள் இவ்வாறு மறைந்ததைக் கண்டவர்கள் ஒரு புதிய கேள்வியை எழுப்பினர். சாயத்துக்காக வந்த பூச்சியைக் களைக்கு மருந்தாக ஏன் பயன்படுத்தக் கூடாது?

1836 முதல் 1838 வரை அப்பூச்சி தென்னிந்தியாவுக்குக் கருதியே கொண்டுவரப்பட்டது. களையை அழிக்க மனிதன் வேண்டுமென்றே ஒரு பூச்சியை ஏவி வெற்றி கண்ட முதல் நிகழ்ச்சி அதுவே என்று இத்துறை அறிஞர் குறிக்கின்றனர். 1865-க்கு முன்னரே அது இலங்கைக்கும் அனுப்பப்பட்டு அங்கும் வென்றது. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் களையின் பகைவனை அனுப்பி வைத்த முதல் வெற்றியும் அதுதான். உலகின் பாடநூல்களில் இடம்பெறும் இப்பெருமை நம் மண்ணுக்கு உரியது. ஆயினும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதனை அறிவர்?

அறிந்தவர்கள் முன்னரும் இருந்தனர்

ஓர் உயிரைக் கொண்டு மற்றோர் உயிரை அடக்கும் அறிவு ஐரோப்பியர் கண்டுபிடித்த புதுமை அன்று. சீனர்கள் நான்காம் நூற்றாண்டிலேயே கிச்சிலி மரங்களில் எறும்புக் கூடுகளை வைத்துப் பூச்சிகளை ஓட்டினர். லின்னேயஸின் மாணவரான பீட்டர் போர்ஸ்கால் டேனிஷ் ஆய்வுக் குழுவோடு யமன் நாட்டுக்குச் சென்று 1763-இல் அங்கேயே இறந்தார். 1775-இல் வெளிவந்த அவருடைய குறிப்புகள், யமனிய அரபுகள் மலையிலிருந்து ஒருவகை எறும்புகளைக் கொண்டுவந்து தம் பேரீச்ச மரங்களில் விட்டு, அம்மரங்களுக்குக் கேடு செய்யும் எறும்புகளை அடக்கியதைக் கூறுகின்றன. அரபு வேளாளர் எவரிடம் கற்றனர்? தம் பாட்டன்மாரிடமே கற்றிருப்பர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இஷ்பீலியா நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் இயற்றிய 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் வேளாண் நூல் 585 செடிகொடி மரங்களைப் பற்றிப் பேசுகிறது. மரங்களுக்கு வரும் நோய்களையும் அவற்றின் அடையாளங்களையும் தீர்க்கும் வழிகளையும் அது தனித்தனியே ஆராய்கிறது. நோயை முதலில் சரியாக இனங்காண வேண்டும்; அதன் பின்னரே மருந்து என்பது அந்நூலின் போக்கிலிருந்து நாம் பெறும் பாடம். கம்பெனியாருக்கு அந்தப் பாடம்தான் வேண்டியிருந்தது.

இரண்டாவது கள்ளி

உயரச் சப்பாத்தி ஒழிந்ததும் மக்கள் நிம்மதி அடைந்தனரா? இல்லை. தாழ்ந்து அடர்ந்து பரவும் மற்றொரு சப்பாத்தி வகை சென்னை மாகாணமெங்கும் படர்ந்தது. மஞ்சள் முள்ளும் மஞ்சள் பூவும் சிவந்த பழமும் கொண்ட அதனை நம் மூத்தோர் நன்கு அறிவர். பழத்தைத் தின்ற பிள்ளைகளின் வாயும் விரலும் சிவந்திருக்கும். ஊர்ப்பொது நிலம், குளக்கரை, மேய்ச்சல் வெளி, கல்லறைத் தோட்டம் என எங்கும் அது புகுந்தது. பாம்புக்கும் எலிக்கும் அது புகலிடமாயிற்று. வெட்டிப் போட்டால் ஒவ்வொரு மடலும் வேர் விட்டது. கொளுத்தவும் புதைக்கவும் பெரும் கூலி ஆயிற்று. பழைய பூச்சியை அதன் மீது விட்டுப் பார்த்தால், அது தொடக்கூட இல்லை. அது ஒரு வகைக் கள்ளியை உண்ணும், மற்றதை உண்ணாது. இயற்கை அவ்வளவு நுட்பமாகக் கணக்கு வைத்திருந்தது.

இம்முறை ஆராய்ச்சியாளர்கள் ஊகத்தை நம்பவில்லை. எந்தக் கள்ளிக்கு எந்தப் பூச்சி என்று ஆய்ந்து, வேறோர் இனத்தை இலங்கை வழியாக 1926-இல் தென்னிந்தியாவுக்குக் கொண்டு வந்தனர். அது வட அமெரிக்காவைச் சேர்ந்தது. பூச்சி படர்ந்த மடல்களை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எடுத்துச் சென்று கள்ளிப் புதர்களின் மீது வைத்தாலே போதும். மீதியைப் பூச்சியே பார்த்துக்கொண்டது. ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் நிலம் கள்ளியிலிருந்து விடுபட்டது. சென்னை மாகாணத்தின் பூச்சியியல் அறிஞர் டி. வி. ராமகிருஷ்ண அய்யர் 1931-இல் இச்செதிற்பூச்சிகளைப் பற்றியும் அவற்றின் பொருளாதாரச் சிறப்பைப் பற்றியும் கட்டுரை எழுதினார். 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-இல் கோயமுத்தூருக்குப் பெயர்ந்து, பின்னர் 1971-இல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆண்டர்சனின் கள்ளித் தோட்டம் இருந்த அதே சைதாப்பேட்டையே தமிழக வேளாண் கல்விக்கும் பிறப்பிடம் என்பது நினைந்து மகிழத்தக்கது.

ஒருவர் களை, மற்றவர் கஞ்சி

இதுவரை படித்தவர்கள், பூச்சியை ஏவிக் களையை ஒழிப்பது எங்கும் எப்போதும் நன்மையே என்று எண்ணக்கூடும். அவ்வாறன்று. ஆஸ்திரேலியாவில் 1925 அளவில் சப்பாத்திக் கள்ளி ஏறத்தாழ ஆறு கோடி ஏக்கரில் பரவியிருந்தது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த கேக்டோபிளாஸ்டிஸ் என்னும் அந்துப்பூச்சி அந்நிலங்களை மீட்டது. குவீன்ஸ்லாந்தில் பூனார்கா என்னும் ஊரார் 1936-இல் அப்பூச்சியின் பெயரால் நினைவு மண்டபமே கட்டினர். ஒரு புழுவுக்கு மண்டபம்!

ஆனால் மடகாஸ்கர் தீவின் தென்பகுதியில் நிகழ்ந்தது வேறு. அங்குள்ள எளிய மக்களுக்குக் கள்ளியே வேலி. கோடையில் மாட்டுக்கு அதுவே தீவனமும் நீரும். பஞ்சத்தில் மனிதருக்கு அதன் பழமே உணவு. 1920-களில் பிரெஞ்சு ஆட்சியின்போது கொச்சினீல் பூச்சி அங்குப் புகுத்தப்பட்டது. சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் கருகின. அதைத் தொடர்ந்து மழையும் பொய்த்தபோது மாடுகள் மடிந்தன. மக்கள் பசியால் ஊரை விட்டு வெளியேறினர். ஆட்சியாளர் கண்ணுக்குக் களையாகத் தெரிந்தது, அங்கிருந்தோருக்குக் கஞ்சியாக இருந்தது. அவர்களைக் கேட்டறிந்தவர் யார்? ஒரு செடி களையா இல்லையா என்பதைத் தாவரவியல் நூல் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. அதனருகே வாழும் ஏழையின் அடுப்பையும் கேட்க வேண்டும்.

மீண்டும் பட்டு, மீண்டும் செதிற்பூச்சி

வரலாறு சில வேளைகளில் வட்டமிட்டு வருகிறது. 2008-இல் கோயமுத்தூரில் பப்பாளி மரங்களில் வெள்ளைப் பஞ்சு போன்ற ஒரு மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. அது மெக்சிகோ நாட்டுப் பூச்சி. கொச்சினீலின் தூரத்து உறவு. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, பருத்தி ஆகியவற்றையும், பட்டுப்புழுவின் ஒரே உணவான முசுக்கொட்டையையும் அது பற்றிக்கொண்டது. கொங்கு நாட்டில் பட்டு வளர்த்த உழவர்கள் திகைத்தனர். தோட்டத்தில் நஞ்சைத் தெளித்தால் அந்த இலையை உண்ணும் புழு சாகும். தெளிக்காவிட்டால் இலையே மிஞ்சாது. சிலர் முசுக்கொட்டையைப் பிடுங்கி எறிந்தனர்.

அறிவியலார் அந்தப் பூச்சியின் தாயகத்தை நோக்கினர். அங்கே அதனை அடக்கி வைத்திருப்பது எது என்று தேடினர். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகள் பெங்களூருக்கு வந்தன. அவற்றுள் அசிரோபாகஸ் பப்பாயே என்பது கடுகினும் சிறியது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். இங்குள்ள மற்ற உயிர்களுக்கு அதனால் கேடில்லை என்று ஆய்ந்து உறுதிசெய்த பின்னரே அதனை வெளியில் விட்டனர். வேளாண் பல்கலைக்கழகம் அதனைப் பெருக்கி உழவர்களுக்கு வழங்கியது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. முசுக்கொட்டை மீண்டும் துளிர்த்தது.

1795-ஐயும் 2010-ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னவர்கள் பூச்சியின் பெயரறியாமல் கொண்டு வந்தனர். நன்மை விளைந்தது தற்செயல். பின்னவர்கள் பெயரும் குணமும் உணவும் அறிந்து கொண்டு வந்தனர். நன்மை விளைந்தது முறையால். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இரண்டு நூற்றாண்டுகளின் பொறுமைக்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர்.

இன்றும் நம் ஏரிகளைச் சீமைக் கருவேலமும் ஆகாயத்தாமரையும், நம் வயல் வரப்புகளைப் பார்த்தீனியமும் சூழ்ந்து நிற்கின்றன. இவையும் கடல் கடந்து வந்தவையே. இவற்றை ஒரே நாளில் ஒழித்துவிடுவோம் என்று முழங்குவோரும் உண்டு; எதையேனும் கொண்டுவந்து கொட்டினால் போதும் என்போரும் உண்டு. இரு சாராரும் சப்பாத்திக் கள்ளியின் கதையை ஒருமுறை படிப்பது நலம். படைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவும் ஓர் எதிர்நிறையும் அமைந்திருக்கின்றன. அவற்றைப் பிறந்த இடத்திலிருந்து பெயர்த்துக் கடல் கடத்தியவன் மனிதன். குலைந்த அந்த நிறையைத் திரும்பச் சேர்க்கும் பொறுப்பும் அவனுடையதே.

ஜேம்ஸ் ஆண்டர்சன் 1809-இல் மறைந்தார். சென்னைப் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் விரும்பிய சிவப்பு அவருக்குக் கிட்டவில்லை. அடுத்த முறை சின்னக் காஞ்சிபுரத்தில் நம் வீட்டுப் பெண் அரக்குச் சேலையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, அந்த நிறத்துக்குப் பெயர் தந்த சிறிய பூச்சியையும், அதன் உறவினால் நம் முன்னோர் நிலம் மீண்ட கதையையும் அவளுக்குச் சொல்லுவோம். விலை பேசி முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.